மயில் எப்போது முடியும்? கிராஸ் ஸ்டிச்சில் இலக்கும் கணக்கும்

மயில்கழுத்து (கோயம்புத்தூர்)

எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். அதற்குள் கிராஸ் ஸ்டிச்சில் (எக்ஸ் வடிவத் தையல்) ஒரு மயில் படத்தை முடித்துச் சட்டம் போட்டுக் கொடுப்பதாக வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது ஆடி பிறந்துவிட்டது. சார்ட் (எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று குறி போட்ட தாள்) 180 × 240 கட்டம். 14 கவுன்ட் ஐடா, அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணி, இரண்டு இழை நூல். இடது மேல் மூலையில் தொடங்கிக் கால்வாசி வந்திருக்கும் என்று நினைக்கிறேன், கண் மதிப்புதான்.

இது போக, பெட்டியில் ஐந்தாறு அரைகுறையாகக் கிடக்கின்றன. ஒரு பிள்ளையார், ஓர் எழுத்து சாம்ப்ளர் (எழுத்துகளைத் தைத்துப் பழகும் துணி), பாப்பா பிறந்தபோது தொடங்கிய முயல். பாப்பா இப்போது மூன்றாம் வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் நோட்டில் "தினம் 300 தையல்" என்று எழுதுகிறேன். புதன்கிழமைக்குள் பின்தங்கிவிடுகிறேன். அப்புறம் அந்த நோட்டைத் திறக்கவே மனசு வருவதில்லை. நீங்கள் எல்லாம் இலக்கு எப்படி வைக்கிறீர்கள்? தையலை எண்ணியா, மணிக்கணக்கா, சார்ட்டின் பக்கக் கணக்கா? எதில் குறித்து வைக்கிறீர்கள்? ஆப், எக்செல், நோட்டு, எதுவானாலும் சொல்லுங்கள்.

எக்செல்_ராணி (சென்னை)

எனக்குப் பிடித்த விவாத இழை! முதலில் பெருக்கல். 180 × 240 = 43,200. துணியில் ஏறக்குறைய 33 செ.மீ. அகலம், 43 அல்லது 44 செ.மீ. உயரம். கால்வாசி முடிந்தது என்றால் பாக்கி 32,400. ஆடியிலிருந்து தை வரை ஆறு மாதம். துவைப்பது, இஸ்திரி, சட்டம் போடும் கடை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மாதத்தைக் கழித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கடைக்காரரிடம் போய் நின்றால் அவர் பொங்கல் லீவு என்பார். மிச்சம் 150 நாள். வாரத்துக்கு ஐந்து நாள்தான் ஊசியைத் தொடுவீர்கள் என்று வைத்தால் நாளுக்கு 300 சொச்சம் வருகிறது.

அதாவது நோட்டில் நீங்கள் எழுதிய 300 கணக்குப்படி சரிதான். ஆனால் அது கெடுவிலிருந்து பின்னோக்கி வந்த எண். உங்கள் கையின் வேகத்திலிருந்து வந்தது இல்லை. மணிக்கு எத்தனை தையல் போடுகிறீர்கள்? 100 என்றால் தினம் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். மூன்றாம் வகுப்புப் பாப்பாவை வைத்துக்கொண்டு முடியுமா?

இன்னொன்று. அகலத்தை உயரத்தால் பெருக்கினால் வருவது மொத்தக் கட்டம், மொத்தத் தையல் இல்லை. மயிலுக்குப் பின்னால் வெறும் துணி விட்டிருக்கிறதா? சார்ட்டின் கடைசிப் பக்கத்தில் நிற அட்டவணைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு குறிக்கும் எத்தனை தையல் என்று போட்டிருக்கும். அதைக் கூட்டிப் பாருங்கள். எண் நன்றாகவே குறையலாம்.

என் ஷீட்டில் நாலே நாலு பத்தி: தேதி, நிமிடம், தையல், எந்தப் பகுதி. மொத்தத் தையலை மொத்த நிமிடத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும். அன்றன்றைய எண்ணைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம், ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள்.

நூலறுந்த_கதை (மதுரை)

காலையில் ஆபீஸில் டார்கெட். சாயங்காலம் பிள்ளைக்கு ஹோம்வொர்க் டார்கெட். ஒன்பது மணிக்கு ஊசியை எடுத்தால் அதிலும் டார்கெட்டா? எக்செல் திறந்துதான் தைக்க வேண்டும் என்றால் நான் தூங்கவே போகிறேன்.

1941ல் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்த அலெக்சிஸ் காஸ்டாக்லி என்ற பிரிட்டிஷ் மேஜர் முகாமில் உட்கார்ந்து ஒரு கிராஸ் ஸ்டிச் சாம்ப்ளர் போட்டார். சுற்றிலும் புள்ளியும் கோடுமாகப் பார்டர். அது மோர்ஸ் குறியீடு. 'கடவுளே மன்னரைக் காப்பாற்று' என்று ஒரு வரி, ஹிட்லரைத் திட்டி ஒரு கெட்ட வார்த்தை. விஷயம் தெரியாமல் காவலர்கள் அதைப் பார்வைக்கு மாட்டியும் வைத்தார்கள். மணிக்கு எத்தனை எக்ஸ் போட்டீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

எக்செல்_ராணி (சென்னை)

கைதிக்கு நேரம் கொட்டிக் கிடந்தது, எனக்கு இல்லை. அப்புறம், மோர்ஸ் பார்டரை நாலு மூலையும் இடிக்காமல் எண்ணாமலா போட்டிருப்பார்?

ஊசிமுனை_டீச்சர் (யாழ்ப்பாணம்)

பிள்ளை மயில்கழுத்து, நான் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆள். எக்செல் எனக்குச் சரிவராது. நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கோ.

நூலை நான் முழத்தில்தான் வெட்டுவேன். அதற்கு மேல் நீளம் விட்டால் துணிக்குள்ளால் போய் வந்து நூல் பஞ்சாகிவிடும், முடிச்சும் விழும். 14 கவுன்ட் துணியில் இரண்டு இழையாக ஒரு முழ நூல் போட்டால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் போக நாற்பது தையல் அளவில் வரும். என்னுடைய இலக்கு அதுதான்: ஒரு இருப்பில் மூன்று நூல். மூன்று நூலை முன்கூட்டியே வெட்டி, ஊசிகளில் கோத்து, பஞ்சுத் தலையணையில் குத்தி வைத்துவிடுவேன். தைக்கும்போது எண்ணுவதே இல்லை. ஊசி மூன்றும் வெறுமையானால் அன்றைய வேலை முடிந்தது. கை இன்னும் கேட்டால் நாலாவது நூல். கேட்காவிட்டால் தேத்தண்ணி.

கடையில் வாங்கும் எட்டு மீட்டர் நூல் கண்டு ஆறு இழை. முழத்துக்கு வெட்டினால் பதினேழு துண்டு. ஒவ்வொன்றையும் இரண்டு இரண்டு இழையாகப் பிரித்தால் ஐம்பத்தொரு நூல். ஆக ஒரு கண்டில் ஏறக்குறைய 2,000 தையல். வெறும் கண்டின் காகித வளையங்களை ஒரு போத்தலில் போட்டு வைத்தால் அதுவே கணக்குப் புத்தகம்.

சார்ட்டை நகல் எடுத்து, பத்துக்குப் பத்துக் கட்டம் முடிய முடிய மஞ்சள் பென்சிலால் நிறம் தீட்டுவேன். பேனா வேண்டாம், அடியில் குறி தெரியாது. பிரிக்க வேண்டி வந்தால் பென்சிலை அழிக்கலாம்.

மயில்கழுத்து (கோயம்புத்தூர்)

டீச்சர், முன்கூட்டியே ஊசி கோத்து வைப்பது அருமையான யோசனை. எனக்கு ராத்திரி வெளிச்சத்தில் நூல் கோப்பதற்கே பாதி நேரம் போகிறது.

ஒரு சந்தேகம். சில நாள் 45 நிமிடத்தில் நூறு தாண்டுகிறது. கழுத்தும் தோகையும் சேரும் இடத்தில் நாற்பதுகூட வரவில்லை. அதே கை, அதே நேரம்தான்.

ராத்திரி_ஷிஃப்ட் (பெங்களூரு)

அது கான்ஃபெட்டி அக்கா. பொரியை இறைத்தாற்போல் ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம் சிதறிக் கிடக்கும் பகுதி. பத்துக்குப் பத்துக் கட்டத்துக்குள்ளேயே பதினைந்து நிறம் வந்துவிடும். போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்த சார்ட்டுகளில் இது ரொம்ப அதிகம். அங்கே நேரம் தையலில் போவதில்லை. நூல் மாற்றுவது, தொடங்குவது, பின்பக்கம் செருகி முடிப்பது, சார்ட்டில் தேடுவது, இவற்றில் போகிறது. அதனால் 'தினம் 300' என்ற இலக்கு தோகைக் கண்ணில் ஒரு அர்த்தம், கழுத்தின் நீலத்தில் வேறு அர்த்தம். புதன்கிழமை நீங்கள் பின்தங்கியது சோம்பலால் இல்லை, சார்ட்டின் அந்த மூலையால்.

மூன்று வழி சொல்கிறேன்.

பார்க்கிங்: ஒரு நிறத்தைக் கட்டத்துக்குள் முடித்ததும் நூலை வெட்டாமல், அதே நிறம் அடுத்து வரும் இடத்தில் முன்பக்கமாக வெளியே எடுத்துத் தொங்க விடுவது. அடுத்த கட்டத்துக்கு வரும்போது நூல் தயாராகக் காத்திருக்கும். துணி முழுக்க நூல் தொங்குவதைப் பார்த்து என் அம்மா "என்னடா இது, ஜடாமுடி" என்றார். பழகினால் கான்ஃபெட்டியில் இதுதான் கை கொடுக்கும்.

லூப்: இரண்டு இழைக்குப் பதில் ஓர் இழையை இரண்டு மடங்கு நீளம் வெட்டி, மடித்து, இரு நுனியையும் ஊசியில் கோத்தால் மறுமுனையில் ஒரு வளையம் இருக்கும். முதல் அரைத் தையலில் அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுத்தால் முடிச்சில்லாமல் பிடித்துக்கொள்ளும். இரட்டைப்படை இழைக்குத்தான் இது ஆகும். ஒரே நூலில் சாயம் மாறி மாறி வரும் நூல்களுக்கும் சரிவராது, மடிக்கும்போது நிற வரிசை குலைந்துவிடும்.

மூன்றாவது ஆப். ஆண்ட்ராய்டில் 'பேட்டர்ன் கீப்பர்' வைத்திருக்கிறேன். பிடிஎஃப் சார்ட்டை ஏற்றினால், ஒரு குறியைத் தொட்டவுடன் அந்தக் குறி வரும் எல்லா இடமும் ஒளிரும். போட்டதை விரலால் தடவி மறைக்கலாம். எத்தனை போட்டோம், எத்தனை பாக்கி என்று அதுவே சொல்லும். காகிதச் சார்ட்டை ஸ்கேன் செய்த படமாக ஏற்றினால் திணறும். பேக்கப் எடுத்து வையுங்கள், போன் போனால் கணக்கும் போகும்.

ஊசிமுனை_டீச்சர் (யாழ்ப்பாணம்)

தம்பி சொன்னது சரி. நூல் கணக்கிலும் கான்ஃபெட்டி இடிக்கத்தான் செய்யும், ஏழு தையலுக்கு ஒரு நூலை யாரும் முழம் வெட்டுவதில்லை. அந்தப் பகுதிக்கு நான் மணிக்கூட்டுக்கு மாறிவிடுவேன். வானொலியில் ஒரு நிகழ்ச்சி முடியும் வரைக்கும். அவ்வளவுதான்.

பனிக்காலம் (டொராண்டோ)

எனக்கு ஒன்றையே பிடித்து முடிக்கும் பொறுமை கிடையாது. அதனால் சுழற்சி. ஆறு வேலைகள், ஒவ்வொன்றிலும் பத்து மணி நேரம், முடிந்ததும் அடுத்தது. பத்து மணி நேரம் எந்த வாரத்தில் முடிகிறது என்று பார்ப்பதில்லை. துணியோடு ஒரு சீட்டுப் பின் பண்ணி, உட்காரும்போதெல்லாம் அரை மணிக்கு ஒரு கோடு. இருபது கோடு ஆனால் மாற்று. இதில் ஒரு நன்மை, எதையும் மறக்க விடாது. மயில்கழுத்தின் முயல் பாப்பா பத்தாம் வகுப்பு போவதற்குள் வெளியே வரும்.

விளையாட்டாக வேண்டும் என்றால் 'விப்கோ' ஆடலாம். யூடியூபில் கிராஸ் ஸ்டிச் காட்டுகிறவர்களிடம் பரவிய பழக்கம். ஐந்துக்கு ஐந்து பிங்கோ கட்டம் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அரைகுறை வேலை ஒன்றை எழுதுவது. மாதத் தொடக்கத்தில் எண்ணைக் குலுக்கி எடுப்பார்கள். வந்த எண்ணில் எந்த வேலை இருக்கிறதோ அதில் நீங்களே முன்பு பேசி வைத்த அளவு போட வேண்டும். 500 தையலோ, ஐந்து மணி நேரமோ, ஒரு பூவோ, அது உங்கள் இஷ்டம். ஆறே வேலைதான் என்றால் ஒன்றை நாலு கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் கெடு இருக்கும் பரிசு வேலைக்குச் சுழற்சி ஆகாது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நூலறுந்த_கதை (மதுரை)

இருபது கோடு, பிங்கோ, போத்தல், ஜடாமுடி. உங்களுக்கு எல்லாம் தையலைவிடக் கணக்கில்தான் ஆசை. எனக்கும் ஒரு வழி இருக்கிறது: மாதம் ஒன்றாம் தேதி அதே ஜன்னல், அதே மேசை, அதே நேரத்தில் ஒரு போட்டோ. வேறு ஒன்றும் கிடையாது. மூன்று மாதம் கழித்து வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.

எக்செல்_ராணி (சென்னை)

நூலறுந்த_கதை, அதற்குப் பெயர்தான் கணக்கு வைப்பது. :-)

புதுஊசி (திருநெல்வேலி)

நான் புதிது, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இங்கே கடையில் ஐடா கிடைக்கவில்லை, மேட்டி துணிதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதில்தான் போட்டோம். அதில் போட்டால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்துமா?

தோடப்பூ (குன்னூர்)

பொருந்தும், ஆனால் அளந்து பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். மேட்டி துணியில் நெடுக்கிலும் குறுக்கிலும் இழை ஒரே நெருக்கமாக இருக்காது. ஓரத்தில் பத்துக்குப் பத்து போட்டுப் பார்த்து ஸ்கேல் வைத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்துவிடுங்கள். இரண்டும் வேறு வேறாக வந்தால் வட்டம் நீள்வட்டமாகும், பிள்ளையார் ஒல்லியாவார். பூ, பார்டர், கோலம் என்றால் பரவாயில்லை. முகம் வரும் படத்துக்கு ஐடா வரும் வரை பொறுங்கள்.

எங்கள் மலையில் தோடர் பெண்கள் போடும் சிவப்பும் கறுப்புமான பூ வேலைக்குச் சார்ட்டே கிடையாது. துணியில் கோடு வரைவதும் இல்லை. இழையை எண்ணி எண்ணியே வரிசை வரிசையாக ஏற்றிக்கொண்டு போவார்கள். 2013ல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை அது. கிராஸ் ஸ்டிச் இல்லை, வேறு தையல். எண்ணிக்கையைக் கண்ணிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன். கர்நாடகத்துக் கசூதி எம்பிராய்டரியில் 'மெந்தி' என்று ஒரு வகை இருக்கிறது, அதுதான் நம் கிராஸ் ஸ்டிச்.

ஊசி: 14 கவுன்டுக்கு 24ஆம் நம்பர், 16க்கும் 18க்கும் 26. முனை மழுங்கியதாகக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஊசியைத் துணியிலேயே விடாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் கடல் காற்று வேறு, துருக்கறை விழுந்தால் போகாது.

பனிக்காலம் (டொராண்டோ)

கட்டம் போடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பத்துக்குப் பத்துக் கட்டத்தைத் துணியிலேயே போட்டுக்கொண்டால் எண்ணும் வேலை பாதியாகும், பிரிக்கும் வேலையும் குறையும். கணக்கும் சுலபம், ஒரு கட்டம் என்றால் நூறு.

ஆனால் சூடு பட்டால் மறையும் பேனாவால் போடுகிறவர்கள் கவனம். இஸ்திரி போட்டதும் கோடு மறையும், ஆனால் அந்த மை துணியை விட்டுப் போகவில்லை. மைனஸ் பத்துக்குக் கீழே போனால் திரும்பத் தெரியும். கோவையில் பிரச்சினை இல்லை. ஜனவரியில் இங்கே பார்சல் அனுப்பினால் மயிலின் மேல் கட்டம் கட்டமாக வந்து சேரும். தண்ணீரில் கரையும் பேனா நல்லது. அதையும் துவைக்கும் முன் இஸ்திரி போடக் கூடாது, கறை தங்கிவிடும்.

ஊசிமுனை_டீச்சர் (யாழ்ப்பாணம்)

பேனாவே வேண்டாம். தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நரம்பில் மெல்லிய ரகம் வாங்கி, பத்துக் கட்டத்துக்கு ஒரு ஓட்டுத் தையலாக நெடுக்கும் குறுக்கும் போடுங்கோ. ஊசி அதைக் குத்திப் பிளக்காது. கடைசியில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். சாதாரண நூலால் போட்டால் தையலுக்குள் மாட்டிக்கொண்டு வராது.

மயில்கழுத்து (கோயம்புத்தூர்)

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ராணி சொன்னபடி அட்டவணையைக் கூட்டிப் பார்த்தேன். பின்னணி வெறும் துணிதான், மொத்தம் 31,600 தையல். 43,200 இல்லை! அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் போட்டதைப் பத்துக்குப் பத்தாக எண்ணினேன். 9,000க்குப் பக்கம். பாக்கி 22,600. கான்ஃபெட்டியும் நீலமும் கலந்து பார்த்தால் என் வேகம் மணிக்கு 85. நிஜமாகவே எனக்குக் கிடைக்கும் நேரம் தினம் முக்கால் மணி. ராணி, உங்கள் வாயால் கேட்டால்தான் நம்புவேன். தைக்குள் முடியுமா?

எக்செல்_ராணி (சென்னை)

22,600ஐ 85ஆல் வகுத்தால் 266 மணி நேரம். முக்கால் மணி வீதம் 150 நாள் விடாமல் உட்கார்ந்தாலும் 112 மணி நேரம்தான், அதில் 9,500 தையல் வரும். தை பிறக்கும்போது மயில் 58 சதவீதத்தில் நிற்கும். முழுதாக முடிய, இதே வேகத்தில் 355 நாள். அடுத்த ஆடி.

அதுவும் கிராஸ் மட்டும். உங்கள் சார்ட்டில் பேக் ஸ்டிச் இருக்கிறதா? தோகையின் ஓரக்கோடு, கொண்டை, அலகு? ஆப் 100 சதவீதம் என்று காட்டிய பிறகு பேக் ஸ்டிச் மட்டும் பல மணி நேரம் எடுக்கும். அதை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. நான் தனி வரியாகப் போட்டு, கிராஸ் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கி வைப்பேன். சின்னச் சின்ன ஓரக்கோடு நிறைந்த சார்ட்டில் அதுவும் பத்தாது.

நூலறுந்த_கதை (மதுரை)

58 சதவீத மயிலைச் சட்டம் போட்டுக் கொடுங்கள். கழுத்து வரை இருக்கும். "மயில் வளர்கிறது அண்ணா" என்று சொல்லிவிடலாம்.

கிண்டல் போகட்டும். இந்த இடத்தில் எக்செல்லுக்கு ஒரு சலாம். மார்கழி மாதம் ராத்திரி இரண்டு மணிக்குத் தெரிய வேண்டியதை ஆடியிலேயே சொல்லிவிட்டது.

தோடப்பூ (குன்னூர்)

மயில்கழுத்து, கிரகப்பிரவேசத்துக்கு வேறு சின்னதாக ஒன்று போட்டால் என்ன? செம்மண் நிறத் துணியில் வெள்ளை நூலால் ஒரு கோலம். 60க்கு 60 கட்டம், கோடு மட்டும் என்பதால் 1,400 தையலுக்குள் முடிந்துவிடும். ஒரே நிறம், நூல் மாற்றும் வேலை இல்லை. 14 கவுன்டில் 11 செ.மீ. சதுரம், ஏழு அங்குல எம்பிராய்டரி வளையத்திலேயே மாட்டிக் கொடுக்கலாம். வாசல் பக்கம் மாட்ட மயிலைவிடப் பொருத்தம். சிக்குக் கோலம் வேண்டாம், வளைவுகள் கட்டத்தில் பல் பல்லாகத் தெரியும். நேர்கோட்டுக் கோலமாகப் பாருங்கள்.

மயில்கழுத்து (கோயம்புத்தூர்)

ஒரே நிறம் என்றால் எனக்கு மணிக்கு 120 தாராளமாக வரும். பன்னிரண்டு மணி நேரம். ஆவணிக்குள்ளேயே முடித்துவிடலாம்! அண்ணனிடம் மயில் அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டேன். "நீ எப்போ கொடுத்தாலும் சரிம்மா, எனக்கு மயில் வேணும்னு யார் சொன்னா?" என்கிறார். அண்ணிதான் கேட்டிருக்கிறார் போல.

அடுத்த ஆடி என்று கெடு வைத்து மயிலைத் தொடரட்டுமா, இல்லை கெடுவே வேண்டாமா?

ஊசிமுனை_டீச்சர் (யாழ்ப்பாணம்)

கெடு வேண்டாம் பிள்ளை. ஒரு இருப்பில் இரண்டு நூல். முடிகிற நேரம் முடியட்டும்.

ராத்திரி_ஷிஃப்ட் (பெங்களூரு)

நான் இதில் டீச்சரோடு ஒத்துப்போகவில்லை. தேதி வேண்டாம், ஆனால் நடுவில் நிறுத்தங்கள் வேண்டும். 22,600 என்பது கண்ணுக்கு எட்டாத எண். தோகையின் முதல் வரிசைக் கண்கள், கழுத்து, கொண்டை, கால் என்று படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டால் மாதம் ஒன்றாவது முடியும். சார்ட்டின் பக்கவாரியாகப் பிரிப்பவர்களும் உண்டு. எனக்குப் பக்கம் பிடிக்காது, பக்கம் முடிந்தாலும் பாதிக் கண்தான் தெரியும். உருவத்தால் பிரித்தால் ஒவ்வொரு முறையும் ஒரு பொருள் கைக்கு வரும்.

எனக்கு ஊக்கம் வருவதும் ஆப்பில் இருந்து இல்லை. இத்தனை சதவீதம் என்று ஆப் காட்டுவதை வீட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண் ஒன்று முழுதாக வந்தால் அம்மா வந்து பார்க்கிறார்.

எக்செல்_ராணி (சென்னை)

இரண்டு பேர் சொல்வதும் ஒன்றோடு ஒன்று மோதவில்லை. உட்காரும்போது டீச்சர் முறை: நூலோ நேரமோ, நம் கையில் இருப்பது. குறித்து வைப்பது தனி: தையல் எண்ணிக்கை, அது தன்பாட்டுக்கு ஏறட்டும். எண்ணிக்கையையே அன்றைய இலக்காக வைத்தால் கான்ஃபெட்டி வரும் அன்று கட்டாயம் தோற்போம். தோற்கப் பிடிக்காமல், அந்த மூலையை விட்டுவிட்டுச் சுலபமான நீலத்துக்குத் தாவுவோம். கடைசியில் கஷ்டமான மூலைகள் எல்லாம் மொத்தமாகச் சேர்ந்து நிற்கும். பெட்டிக்குள் 80 சதவீதத்தில் தூங்கும் வேலைகளை எடுத்துப் பாருங்கள், மிச்சம் இருப்பது எல்லாம் கான்ஃபெட்டியாகவோ பேக் ஸ்டிச்சாகவோதான் இருக்கும்.

பனிக்காலம் (டொராண்டோ)

ராணி, என் பெட்டியை எப்போது திறந்து பார்த்தீர்கள்?

பேச்சோடு பேச்சாக, யாராவது வெப்பநிலை வேலை போடுகிறீர்களா? வருஷத்துக்கு 365 சின்னக் கட்டம், அன்றைய அதிகபட்ச வெப்பத்துக்கு ஏற்ற நிறத்தில் தினம் ஒன்று. இலக்கு அதிலேயே அடங்கியிருப்பதால் யோசிக்கவே வேண்டாம். இங்கே மைனஸ் இருபதிலிருந்து முப்பத்தைந்து வரை போவதால் ஐந்து டிகிரிக்கு ஒரு நிறம் வைத்திருக்கிறேன்.

எக்செல்_ராணி (சென்னை)

சென்னையில் அந்த அளவுகோல் வைத்தால் பெரும்பாலான நாள் இரண்டு மூன்று நிறம்தான். புயல், மழை நாளில் 24, 25, அக்னி நட்சத்திரத்தில் 40ஐத் தாண்டும். அதனால் இரண்டு டிகிரிக்கு ஒரு நிறமாக 24 முதல் 42 வரை வைத்தேன், ஒன்பது நிறம் வந்தது. அப்போதுதான் டிசம்பருக்கும் மே மாதத்துக்கும் வித்தியாசம் தெரிகிறது. இன்னொரு முக்கியமான விஷயம், நுங்கம்பாக்கத்து எண்ணா மீனம்பாக்கத்து எண்ணா என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. நடுவில் மாற்றினால் நிறம் குழம்பும். ஒரு வாரம் விட்டுப்போனாலும் கவலை இல்லை, பழைய எண்களைத் தேடி எடுத்து ஞாயிற்றுக்கிழமை ஏழையும் சேர்த்துப் போட்டுவிடலாம்.

நிர்வாகி

வெப்பநிலை வேலைக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே தொடருங்கள். இங்கே இலக்கும் கணக்கும் மட்டும்.

புதுஊசி (திருநெல்வேலி)

கோலம் சட்டம் போடுவது பற்றி ஒன்று கேட்கலாமா? எங்கள் ஊரில் போட்டோ பிரேம் போடும் கடையில் துணியை அட்டையில் பசை தடவித்தான் ஒட்டுவார்கள்.

தோடப்பூ (குன்னூர்)

ஒட்ட விடாதீர்கள், நாளாக ஆகப் பசை மஞ்சளாகத் துணியில் ஏறும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் லேசான சோப்பில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தையலின் முகம் கீழே இருக்கும்படி மெத்தென்ற துண்டின்மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். நேராக அழுத்தினால் எக்ஸ் தட்டையாகிவிடும். சிவப்பு நூல் இருந்தால் சாயம் போகிறதா என்று ஈரப்பஞ்சால் தொட்டுப் பார்த்துவிட்டு அலசுங்கள். அப்புறம் அமிலம் இல்லாத அட்டையின் பின்பக்கம் துணியை மடித்து, தடித்த நூலால் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஷூ லேஸ் கட்டுவதுபோல இழுத்துக் கட்டுங்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் சட்டத்துக்குள் வைத்தால் போதும். இதற்காகச் சுற்றிலும் மூன்று அங்குலம் துணி விட்டு வெட்ட வேண்டும். அதை முதல் நாளே யோசிக்க வேண்டும்.

இந்த நேரத்தையும் ஷீட்டில் சேருங்கள் ராணி. கடைசித் தையல் போட்ட வேலைகள் இஸ்திரிக்காக எத்தனை வருஷம் அலமாரியில் காத்திருக்கின்றன என்று கேட்டால் பாதிப் பேர் இந்த இழையை விட்டு ஓடிவிடுவார்கள்.

எக்செல்_ராணி (சென்னை)

சேர்த்தாயிற்று. பேக் ஸ்டிச், அலசல், சட்டம் மூன்றும் தனித்தனி வரி. ஷீட்டின் இணைப்பைக் கையெழுத்துப் பகுதியில் போட்டிருக்கிறேன், நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மயில்கழுத்து, உங்கள் எண்களை மாதிரியாக உள்ளே வைத்திருக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் எடுத்துவிடுகிறேன்.

மயில்கழுத்து (கோயம்புத்தூர்)

இருக்கட்டும் ராணி. கோலத்துக்குத் துணி வாங்கியாயிற்று. ஷீட்டில் முதல் வரி நேற்று எழுதினேன்: 40 நிமிடம், 78 தையல், இடது கீழ் மூலை.

ஊசிமுனை_டீச்சர் (யாழ்ப்பாணம்)

ராணி பிள்ளை, அந்த ஷீட்டில் நிமிடத்துக்குப் பக்கத்தில் 'எத்தனை நூல்' என்று ஒரு பத்தி போட ஏலுமோ? பேரன் போனில் திறந்து தந்தான். அவனுக்கு நூல் கணக்கு விளங்குது, எனக்கு நிமிடக் கணக்கு விளங்கவில்லை.

எக்செல்_ராணி (சென்னை)

போட்டுவிட்டேன் டீச்சர். ஒரு நூலுக்கு நாற்பது என்று பெருக்கித் தையலை அதுவே போட்டுக்கொள்ளும். 16 கவுன்ட் துணிக்கு மாறினால் மேலே மஞ்சள் கட்டத்தில் அந்த நாற்பதை மட்டும் 45 என்று மாற்றிவிடுங்கள்.